அத்தை செய்த பெஞ்சு

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி ஆனால் அம்மா குசினிச் சன்னலை இழுத்துச் சாத்திவிடுவாள். தெருமுனையில் அத்தையின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிற நேரம் அது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை எங்கள் வீட்டு மீன் குழம்பில் மரத்தூள் விழ வாய்ப்பு உண்டு என்பது அம்மா அனுபவத்தில் கண்ட உண்மை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில், கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே போர்வை. போர்வை பெரும்பாலும் என்னிடம்தான் இருக்கும்.

தச்சு வேலை அவளுக்குக் கைபேசி வழியாக வந்தது. எங்கோ குளிர் தேசத்தில் தாடி வைத்த ஒருவர், சட்டையில் ஒரு தூசிகூடப் படாமல் பத்தே நிமிடத்தில் ஓர் அலமாரி செய்து முடித்து, "வார இறுதியில் நீங்களும் செய்யலாம்" என்று சிரித்தார். அத்தை அவரை நம்பினாள். பத்து நிமிட அலமாரி அவளுக்கு மூன்று வார இறுதிகளைத் தின்றது. அதைக் குசினிச் சுவரில் மாட்டியபோது ஒரு விரல் அளவுக்கு வலது பக்கம் தாழ்ந்திருந்தது. அம்மா காலையில் வரிசையாக அடுக்கிய டப்பாக்கள் மத்தியானத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கூட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

"அலமாரி கடலைப் பாத்து சாயுது. உன் அத்தைக்கு ஆபீஸ் ஞாபகம்" என்று அப்பா சொன்னார். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை, சாய்வு பார்க்க ஒரு ரசமட்டம் வாங்கி வந்தாள்.

மரம் வாங்க நானும் ஸ்கூட்டரில் போவேன். கப்பலில் இயந்திரங்கள் வந்து இறங்கும் பெரிய பெட்டிகளைப் பிரித்து, பலகை பலகையாக விற்கிற கடை ஒன்று இருந்தது. பலகைகளில் குடைப் படமும் உடைந்த கண்ணாடித் தம்ளர் படமும் அச்சடித்திருக்கும். கடைக்கார அண்ணாச்சி முதலில் அத்தையை விறகு வாங்க வந்தவள் என்று நினைத்து, முறிந்த துண்டுகளையெல்லாம் எடுத்துப் போட்டார். மூன்றாவது முறை போனபோது, நல்ல பலகைகளாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்திருந்தார். திரும்பி வரும்போது நான் பின்னால் உட்கார்ந்து பலகைகளைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். எதிரே வருகிற லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள். எங்களுக்கு அது ஊர்வலத்துக்கு அடிக்கிற மேளம் மாதிரி இருக்கும்.

செருப்பு அடுக்கும் தட்டு ஒன்று செய்து தேறிய பிறகு, அத்தை பெஞ்சு செய்யத் தொடங்கினாள். முன்னறையில் சன்னலோரம் போட்டு மூன்று பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. உப்புத்தாளால் பலகையைத் தேய்ப்பது என் உத்தியோகம். தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகைகளே மழுங்கிவிட்டன என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறேன். கடல் காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும் என்று அத்தை பித்தளை ஸ்குரூக்களாகவே வாங்கியிருந்தாள். இரண்டு பக்கக் கால்களும் அகண்டு போய்விடாமல் இருக்க, கீழே நீளமாக ஒரு குறுக்குச் சட்டத்தை இறுக்கமாகச் செருகினாள். அதன் ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்குரூ.

"ஏளா, இந்தச் சட்டந்தான் பெஞ்சுக்கு உசுரு. இது போச்சுன்னா மேல இருக்கவன் கீழ வந்துருவான்" என்று சொல்லிக்கொண்டே முடுக்கினாள்.

அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

பெஞ்சு முடிகிற தருவாயில், அத்தையைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். மணப்பாட்டுக் குடும்பம். மாப்பிள்ளைக்குக் கொச்சியில், துறைமுக இழுவைப் படகில் இஞ்சின் வேலை. இதற்கு முன்னும் இரண்டு பேர் வந்து பார்த்துப் போயிருந்தார்கள். ஒரு வீட்டார் அத்தை வேலையை விட வேண்டும் என்றார்கள். இன்னொரு வீட்டார், பெண் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறாளே என்றார்களாம். அத்தைக்கு மூன்றாவது முறை அலங்காரம் செய்துகொண்டு நிற்க மனமில்லை.

"எனக்கு வேண்டாண்ணே. வந்து, தின்னுட்டு, கொற சொல்லிட்டுப் போவாவ" என்றாள்.

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும். வீட்டு வாசல் வரைக்கும் வாரேங்கவங்கள எப்பிடி வேண்டாம்னு சொல்ல?" என்றார் அப்பா.

அத்தை வார்னிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் போய்விட்டாள். எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. கொச்சி. வரைபடத்தில் அதைத் தேடினேன். தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே இருந்தது. எங்கள் கட்டிலில் இனி நான் தனியாகப் படுக்க வேண்டும். அந்தப் பெரிய போர்வை முழுவதும் எனக்கே என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை பெஞ்சின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி, "யாரும் உக்காந்துராதீங்க, வார்னிஷ் காயணும்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்ததும் வீடு பரபரத்தது. அம்மா பக்கத்து வீட்டு நாற்காலிகளை இரவல் வாங்க ஆள் அனுப்பப் போனாள். "இருக்க நாற்காலியே போதும் மைனி, நடுவுல நம்ம பெஞ்சு கெடக்கட்டும்" என்றாள் அத்தை. அவள் சேலை கட்ட உள்ளே போன நேரத்தில் நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் நுழைந்தேன். சன்னல் பக்க முனையில் ஒன்று, இரண்டு. பித்தளை ஸ்குரூ இரண்டும் என் கவுன் பைக்குள் வந்துவிட்டன. வாசல் பக்க முனைக்கு நகர்வதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். பாதி வேலையோடு எழுந்து ஓடினேன். பாதிச் சதிக்குப் பாதிப் பலனாவது கிடைக்கும், பெஞ்சு ஆடும், இது என்ன வீடு என்று எழுந்து போய்விடுவார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு.

அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் மற்றொருவரும் நாற்காலிகளில் உட்கார, மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் பெஞ்சுக்கு வந்தார்கள். தாய்மாமன் நல்ல ஆகிருதி. பெஞ்சு 'கிர்' என்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அம்மா, தொட்டாலே பொடிகிற முந்திரி மக்ரூன் தட்டை நீட்டினாள். தாய்மாமன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை எடுக்க முன்னால் சாய்ந்தார்.

பிறந்த ஆட்டுக்குட்டி முதன்முதலாக நிற்கப் பார்த்து நாலு காலையும் அகட்டுமே, அப்படி அகட்டியது பெஞ்சு. குறுக்குச் சட்டம் டங்கென்று தரையில் விழுந்தது. மெதுவாக, மரியாதையாக, இரண்டு பேரையும் சுமந்துகொண்டே பெஞ்சு கீழே இறங்கியது. தட்டு கவிழ்ந்து மக்ரூன்கள் அறை முழுவதும் உருண்டன. "ஏ மாதாவே!" என்று தாய்மாமன் வாயில் இருந்த மக்ரூனோடு கத்தியதில் ஒரு வெள்ளைப் புகை வந்தது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கடையில வாங்குனது... கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று தடுமாறினார்.

"கடையில இதெல்லாமா விக்கான்? பொட்டி மரம்லா இது! எந்தக் கூறுகெட்டவன் செஞ்சான்?" என்றார் தாய்மாமன், தரையில் உட்கார்ந்தபடியே.

குசினி வாசலில் திரை விலகியது. கூப்பிட்டால்தான் வர வேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்த அத்தை, கூப்பிடாமலே வந்து நின்றாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

"கடையில வாங்குனது இல்ல. நான் செஞ்சது."

மாப்பிள்ளையின் அம்மா தன் மகளைப் பார்த்து, "பொண்ணு ஆசாரி வேலையும் பாக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாப்பிள்ளை எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அத்தையைப் பார்க்கவில்லை. பெஞ்சைத்தான் பார்த்தார். அதைப் புரட்டிப் போட்டு, கால்கள் பலகையோடு சேருகிற இடத்தைத் தடவினார். சட்டத்தை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். பிறகு ஸ்குரூ இருந்த துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நான் கழட்டியது இரண்டு. இல்லாமல் போயிருந்ததோ நான்கு. வாசல் பக்க முனையிலும் வெறும் துளைகள்தான் இருந்தன.

"வேல சுத்தமா இருக்கு மாமா. எல்லாம் மட்டத்துல இருக்கு" என்றார் அவர் தாய்மாமனிடம். பிறகு, "திருப்புளி இருக்கா?" என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை உள்ளே போய் திருப்புளியோடு வந்தாள். பட்டுச் சேலையோடு பெஞ்சுக்கு அந்தப் பக்கம் முழங்காலிட்டாள். இந்தப் பக்கம் அவர். நடுவில் மக்ரூன் பொறுக்குகிற சாக்கில் நான். அவர்கள் பேசிக்கொண்டது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"ஓட்டை பிய்யல, மரையெல்லாம் அப்பிடியே இருக்கு. இது தானா கழண்டது இல்ல" என்றார்.

அத்தை குனிந்தபடியே, "இல்ல" என்றாள்.

"அப்ப நாங்க எந்திரிச்சிப் போயிரணுமா?"

அத்தை அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல பெஞ்ச மாட்டுங்க" என்றாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இரண்டு பித்தளை ஸ்குரூக்களை அவர் உள்ளங்கையில் போட்டாள்.

"இன்னும் ரெண்டு?"

அத்தை திகைத்தாள். "ரெண்டுதான..." என்று ஆரம்பித்தவள் சன்னல் பக்க முனையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவரும் என்னைப் பார்த்தார். என் கை தானாகவே கவுன் பைக்குள் போனது. இரண்டு ஸ்குரூக்களையும் எடுத்து நீட்டினேன். வியர்வையில் நனைந்திருந்தன.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அத்தை உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. யாரோ குறை சொன்ன அந்தச் சிரிப்பு வீடே அதிரும்படி வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்திருந்த தாய்மாமனும், எதற்கென்று தெரியாமலே, வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

நான்கு ஸ்குரூக்களையும் முடுக்கிப் பெஞ்சை நிமிர்த்தி வைத்தார்கள். யாரும் உட்கார முன்வரவில்லை. அத்தை ஒரு முனையில் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மறுமுனையில் உட்கார்ந்தார். பெஞ்சு அசையவில்லை.

அவர்தான் இப்போது என் மாமா. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. அத்தை வேலையை விடவில்லை, கொச்சியிலேயே அதே மாதிரி வேலை தேடிக்கொண்டாள். வார இறுதிகளில் இரண்டு பேருமாகச் செய்து வைத்திருக்கிற சாமான்களால் அந்த வீட்டில் நடக்க இடமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பெஞ்சு விழுந்ததற்கு அடுத்த சனிக்கிழமையைப் பற்றி.

அந்த வாரம் முழுவதும் எனக்கு நெஞ்சு உறுத்தியது. அத்தை தன் கையால் செய்ததை நான் கெடுத்தேன். அவளோ "இது தானா கழண்டது இல்ல" என்றதற்கு 'இல்ல' என்று ஒத்துக்கொண்டு, எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அவள் கைக்குட்டையில் இருந்த இரண்டு ஸ்குரூவும் அவசரத்தில் முடுக்க மறந்தவை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எவ்வளவு நல்ல அத்தை! கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத எனக்கு, இதற்கு ஒரே வழிதான் தெரியும். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன் என்றேன். "நானும் வாரேன்ளா" என்று அத்தையும் கிளம்பினாள்.

கோவிலில் அவள் எனக்கு முன்னால் போனாள். சீக்கிரமே வந்துவிட்டாள். நான் போய்க் கம்பி வலைக்கு முன்னால் முழங்காலிட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க விழட்டும்னு, பெஞ்சுல ஸ்குரூ கழட்டிட்டேன் சாமி."

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"எத்தன?" என்று ஒரு குரல் வந்தது.

"ரெண்டு."

சாமியாருக்கு அப்படியோர் இருமல் வந்தது. நிற்கிற மாதிரி இருக்கும், மறுபடியும் வரும். அவர் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியே ஆடியது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, பரிகாரமாக ஒரே ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

அத்தை பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தாள். "எத்தன குடுத்தாவ?" என்று கிசுகிசுத்தாள்.

"ஒண்ணு."

"எனக்கும் ஒண்ணுதாம்ளா" என்றவள், முக்காட்டுத் துணியை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு நல்லவளுக்கு அழுகிற அளவுக்கு என்ன பாவம் இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் தோளோடு ஒட்டி முழங்காலிட்டு என்னுடைய ஒரு செபத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு, சாமியாருக்கு இருமல் சீக்கிரம் குணமாகட்டும் என்று இன்னொன்றும் சொன்னேன்.