சிவப்பைக் கம்மி பண்ணச் சொன்னார்கள்

பேரணாம்பட்டை ஒட்டிய மலை எந்தெந்த நாளில் எரிந்தது என்று பல ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். ஷூ கம்பெனியில் ஏற்றுமதித் தேதிகளோடு மல்லுக்கட்டிய பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. மாசிக் கடைசியில் தொடங்கும்; கோடை மழை விழும்வரை ஓயாது.

அந்தத் தேதிகளைக் கணினியில் ஏற்ற ஒரு திறந்தமூல வரைபட மென்பொருள் கிடைத்தது. காசில்லை; யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளும் இலவசம்தான். முதலில் அது செங்கல் சூளைகளையெல்லாம் காட்டுத்தீ என்றது. நேரில் போய்ப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கினேன். பிறகு சரிவு, காய்ந்த புல், உண்ணிச்செடிப் புதர், ஆள் நடக்கும் தடம் எல்லாவற்றையும் சேர்த்தேன். தீ ஆபத்துக்கு ஏற்ப மலை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்தது. அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன்.

வனத்துறையிலிருந்து வனவர் என் வீட்டுக்கே வந்து அதை வாங்கிப்போனார். தீ தாண்டாதபடி புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட அவருக்கு ஆள் பற்றாக்குறை. சிவப்பு இருக்கும் இடத்தில் மட்டும் போடுவதாகச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

என்னோடு கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்ட நண்பர் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். தோப்புக்கு மேலே இருக்கும் சரிவு முழுக்கச் சிவப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு வந்தார்.

"இன்னா சாரே, என் தோப்புக்கு நெருப்பு வெச்சிட்டீங்க?"

"இன்னா பாய் ஆச்சு?"

"தோப்ப வாங்க வந்த ஆளு போன்ல உங்க மேப்பக் காட்டி, சிவப்பா இருக்குதேன்னு திரும்பிப் போய்ட்டான். மஞ்சளாக்கி வுடுங்க. இன்னா, ஒரு பட்டன்தான?"

"மஞ்சளாக்குனா அங்க கோடு போட மாட்டாங்க பாய். நெருப்பு நேரா உங்க தோப்புக்குத்தான் வரும்."

"வராத நெருப்புக்கு இவ்ளோ பேஜார். சிவப்பு மையி ஜாஸ்தியா வாங்கி வெச்சிருக்கீங்களா?"

நான் மாற்றவில்லை. அவர் வனவரிடம் போனார். வனவருக்கும் அது வசதியாகப் போயிற்று. "இவ்ளோ சிவப்பு காட்னா மேலேர்ந்து என்னத்தான் சார் கேள்வி கேப்பாங்க" என்று என்னிடமே சொன்னார். ஒவ்வொரு இடத்துக்கும் ஆபத்துக்கு ஒரு மதிப்பெண் வரும்; அது எந்த எண்ணுக்கு மேல் போனால் சிவப்பு என்பதை அந்த மென்பொருளில் நாமே வைக்கலாம். வனத்துறை அலுவலகத்தில் யாரோ தங்கள் பிரதியில் அந்த எண்ணைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். மலையில் ஒரு புல்கூடச் சாயவில்லை; வரைபடத்தில் மட்டும் ஆபத்து பாதியாகிவிட்டது. நான் விளக்கி எழுதினேன், நேரிலும் போனேன். "நீங்க குடுத்ததுதான சார், லேசா திருத்தியிருக்கோம்" என்றார்கள். தோப்புக்கு மேலே யாரும் செதுக்கவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் புகை எழுந்தது. தடத்தில் போன எவனோ பீடித்துண்டைப் போட்டிருக்க வேண்டும். ஊர்க்காரர்களோடு நான் போய்ச் சேர்வதற்குள் நெருப்பு சரிவில் இறங்கித் தோப்புக்குள் நுழைந்திருந்தது. பிஞ்சு விட்டிருந்த மரங்களில் பாதி கருகின. நண்பர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் முன்பே சொல்லியாகிவிட்டது, அதுதான் எரிச்சல்.

மறுவாரம் அவரே வந்தார். "உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் சிவப்பாத்தான இருக்குது? அதுல ஒண்ணு குடுங்க சாரே, நிவாரணம் கேக்கணும்."

அச்செடுத்துக் கொடுத்தேன். தாலுகா அலுவலகத்தில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். வனத்துறையின் வரைபடத்தில் அந்த இடம் மஞ்சள், அதுதான் செல்லுமாம்.

இந்தத் தை மாதம் வனவர் மறுபடி வந்தார். புது மேப் வேண்டுமாம். "சிவப்பு மட்டும் கொஞ்சம் கம்மியா போட்டுக் குடுத்துடுங்க சார். நாங்க திருத்துற வேலை மிச்சம்."

நண்பரும் அப்போது என் வீட்டில்தான் இருந்தார். "கம்மியாவா? மலை மொத்தமும் சிவப்பா போடுங்க சாரே" என்றார்.

இரண்டுமே பொய் என்று இருவருக்கும் சொல்லிப் பார்த்தேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். மீதியிருக்கும் மரங்கள் இப்போது பூத்திருக்கின்றன. மேலே சரிவில் புல் இடுப்புயரம் காய்ந்து நிற்கிறது. இன்றுவரை யாரும் அதில் மண்வெட்டி வைக்கவில்லை.