மரகதம் கயிற்றை மேலே இழுத்த நாள்

1. பாம்பும் மாடும்

தீயணைப்புத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றேன். நெருப்பைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாமகிரிப்பேட்டைப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷனில் வேலை பார்த்தவன் நெருப்பைவிடக் கிணற்றைத்தான் அதிகம் பார்த்திருப்பான்.

சேலம் டவுனிலிருந்து அங்கே மாற்றலாகிப் போன முதல் வாரத்தில் எனக்கு வந்த முதல் போன் கால், வாஷிங் மெஷினுக்குள் சாரைப்பாம்பு. இரண்டாவது, கிணற்றில் மாடு. மூன்றாவது, இன்னொரு கிணற்றில் இன்னொரு மாடு. மாட்டை மேலே தூக்கி விட்டதும் அதன் சொந்தக்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஏஞ்சாமி, கண்ணு தெரியலியா உனக்கு?" என்று அதனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் நாங்கள் நிற்பது நினைவு வந்து, சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். நாங்கள் ஒரு தோட்டத்துக்குப் போனால் வேலை முடிந்தும் லேசில் விடமாட்டார்கள். மஞ்சள் அறுவடை நேரமென்றால் எங்கள் தண்ணீர் வண்டியான வாட்டர் டெண்டருக்குள் யாராவது ஒரு பை மஞ்சளைத் திணித்துவிடுவார்கள். எங்கள் டிரைவர் ராஜேந்திரன், "இது ஃபயர் வண்டியா, சந்தை வண்டியா?" என்பார்.

அந்த ஊர்க்காரர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர் பெயர் மரகதம்.

2. "ரெண்டு பேரு உழுந்துட்டாங்க"

காலை பதினோரு மணி இருக்கும். வாட்ச் ரூமில் நான்தான் இருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் ஒரே கூச்சல்.

"ஏனுங்க, ஃபயர் சர்வீசுங்களா? கெணத்துல ரெண்டு பேரு உழுந்துட்டாங்க! சீக்கிரம் வாங்க! இங்க ஒருத்தி கயித்தப் புடுங்கி வெச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கறா!"

ஊர், தோட்டம், வழி எல்லாவற்றையும் கேட்டு வாங்குவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பேசியவர் பெயர் நல்லதம்பி. விழுந்தவர்கள் அவருடைய அண்ணன் மகன்கள். பெரியவர் குழந்தைவேல், சின்னவர் தங்கவேல். அந்த "ஒருத்தி" யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பெல் அடித்தோம். ஸ்டேஷன் ஆபீசர் முன்னால் ஏறினார். விழுந்தவர்களைத் தூக்குவதற்கான கயிறு, வலை, மிதவை எல்லாம் வண்டியில் எப்போதும் இருக்கும். பதினான்கு கிலோமீட்டர். பாதி தூரம் மண் தடம்.

வண்டி கிளம்பி ஐந்து நிமிடம் ஆனதும் எனக்கு ஏதோ உறுத்தியது. கிணற்றில் ஒருவர் விழுவார். இரண்டு பேர் ஒன்றாக எப்படி விழுவார்கள்? குறித்துக்கொண்டு வந்த எண்ணுக்கு என் செல்போனிலிருந்து திரும்பக் கூப்பிட்டேன். மறுபடியும் நல்லதம்பியின் கூச்சல்.

"அண்ணா, கொஞ்சம் இருங்க. அவங்க கெணத்துல விழுந்தப்ப நேர்ல பாத்தது யாரு?"

"இவதான் பாத்தா. இவளக் கேட்டு என்னங்க ஆவப் போவுது?"

"அவங்ககிட்டப் போனக் குடுங்க."

3. போனில் வந்த குரல்

"சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது. ஆனால் கூச்சல் இல்லை.

"எப்படிம்மா விழுந்தாங்க? வழுக்கியா? கயிறு அறுந்துதா?"

"உழுவலீங்க. தூர் வார்றதுக்காகத் தண்ணி எறைக்கோணும்னு டீசல் இன்ஜின உள்ளாற திட்டுல எறக்கி வெச்சிருந்தோம். காலையிலிருந்து ஓடுச்சு. நின்னுபோச்சு. என்னன்னு பாக்க எங்கூட்டுக்காரரு எறங்குனாரு. திட்டுல கால் வெச்சதும் தல சுத்துதுன்னாரு. உக்காந்தாரு. அப்புடியே தூங்கறாட்டச் சாஞ்சுட்டாரு. அவரத் தூக்கறதுக்குக் கொழுந்தனாரு எறங்குனாரு. அவரும் அதே மாதிரி சாஞ்சுட்டாருங்க. ரெண்டு பேருமே வழுக்கலீங்க. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. கிணற்றுக்குள் நாலைந்து மணி நேரம் ஓடிய டீசல் இன்ஜினின் புகை மேலே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது. அந்தப் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இறங்குகிறவர் ஒவ்வொருவரும் சாய்வார். ஒரே குடும்பத்தில் மூன்று பேர், நான்கு பேர் என்று இப்படிப் போனதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

"கயித்த நான் மேல இழுத்துப் போட்டனுங்க," என்றார் குழந்தைவேலின் மனைவி மரகதம். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "மேல்படிக் கல்லெல்லாம் பேந்து போச்சு. கயிறு இல்லாம எறங்க முடியாது. நல்லதம்பி மாமன் எறங்கறேன்னு குதிக்கறாரு. எங்கத்த மண்ண வாரித் தூத்தறாங்க. நான் செஞ்சது தப்புங்களா?"

"தப்பே இல்லம்மா. நாங்க வர்ற வரைக்கும் அந்தக் கயித்த யாருக்கும் குடுக்காத. சாமி வந்து கேட்டாலும் குடுக்காத."

"செரிங்க."

"பக்கத்துல கல்லுடைக்கிற கம்ப்ரசர் டிராக்டர் யார்கிட்டயாவது இருக்கா?"

அந்தப் பக்கத்தில் கிணறு ஆழப்படுத்துவதற்குப் பாறையில் துளை போட ஊருக்கு ஒரு கம்ப்ரசர் டிராக்டராவது இருக்கும். "மாமனுதே இருக்குதுங்க. அக்கட்டால தோட்டத்துல நிக்குது," என்றார்.

போனை நல்லதம்பியிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் மரகதத்தைத் திட்ட ஆரம்பிக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "அண்ணா, உள்ள இருக்கறது விஷக்காத்து. நீங்க எறங்குனா நீங்களும் சாஞ்சிருவீங்க. ஆனா அவங்கள நீங்கதான் காப்பாத்தணும். டிராக்டர ஓட்டிட்டு வாங்க. கெணத்துக்கு எட்டத்துல நிறுத்துங்க, வண்டிப் புகை கெணத்துப் பக்கம் வரக் கூடாது. காத்துக் குழாய மட்டும் உள்ள விட்டு, திட்டுப் பக்கமாக் காத்தத் தெறந்து விடுங்க. முடியுமா?"

"அட, இதுவரைக்கும் ஒருத்தரும் இதச் சொல்லலியேங்க," என்றார். அடுத்து அவர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

4. நாற்பதடிக்குக் கீழே

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில் ஐம்பது அறுபது பேர். நடுவில், சுருட்டிய வடக்கயிற்றின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது முன்கையில் ரத்தம். மாமியார் பாவாயி கயிற்றைப் பிடுங்கப் பார்த்து முடியாமல் கடித்திருக்கிறார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

"என்ற ரெண்டு மவனும் உள்ள கெடக்கறாங்க, இவ கயித்து மேல குந்திக்கிட்டிருக்கறாளே! இவ மனுசியா?"

எங்கள் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் மரகதம் எழுந்து நின்றார். கயிற்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

எங்களிடம் இருந்தது இரண்டு பி.ஏ. செட். முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாக, சொந்தக் காற்றோடு இறங்குவதற்கானது. ஒன்று இறங்குகிறவருக்கு, இன்னொன்று மேலே தயாராக நிற்பவருக்கு. அதுதான் முறை. ஸ்டேஷன் ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் மாட்டிக்கொண்டேன்.

நாற்பதடி கீழே, கிணற்றுச் சுவரில் இருந்த திட்டு ஒரு கட்டில் அகலம்தான். பெரியவர் இன்ஜினில் சாய்ந்து கிடந்தார். சின்னவர் அவருக்குக் குறுக்கே விழுந்து, இரண்டு காலும் திட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே இருபதடி ஆழத்தில் தண்ணீர். கம்ப்ரசர் காற்று அடிக்கிற வேகத்தில் அவருடைய சட்டை படபடத்தது. இருவர் நெஞ்சிலும் கை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கியது. லேசாகத்தான், ஆனால் ஏறி இறங்கியது.

யாரை முதலில் அனுப்புவது? நழுவப் போகிறவரைத்தான். சின்னவரைக் கயிற்றில் கட்டி, தூக்குங்கள் என்பதற்கு அடையாளமாக இரண்டு முறை இழுத்தேன். அவர் மேலே போவதைப் பார்த்தபோது விளிம்பில் மரகதத்தின் முகம் தெரிந்தது. வருவது தன் கணவர் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "பாத்துங்க, தல செவுத்துல இடிக்குது," என்று மட்டும் கயிறு இழுக்கிறவர்களிடம் சொன்னார்.

குழந்தைவேலுக்கு முடிச்சுப் போடும்போது என் செட்டில் விசில் அடித்தது. காற்று தீரப் போகிறது என்று அர்த்தம். விசில் அடித்தால் அப்படியே விட்டுவிட்டு மேலே வர வேண்டும். நான் வரவில்லை. முடிச்சை முடித்து, அவரை அனுப்பிவிட்டுத்தான் வந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மேலே தயாராக இன்னொருவர் நின்றிருந்தார், அவரை நம்பியிருக்க வேண்டும். ஸ்டேஷன் ஆபீசர் அன்று மாலை என்னை உட்கார வைத்துத் திட்டியது நியாயம்தான்.

108 வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. இருவருக்கும் ஆக்சிஜன் மாட்டிக் கொண்டுபோனார்கள். வண்டியில் கூட வர ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். மரகதம் மாமியாரைப் பிடித்து ஏற்றிவிட்டார். தான் நல்லதம்பியின் பைக்கில் ஏறி ஆம்புலன்சுக்குப் பின்னால் போனார்.

5. பிறகு

குழந்தைவேல் அன்று சாயங்காலமே பேசினார். தங்கவேலுக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். டியூட்டியில் அப்படிச் செய்யக் கூடாது என்று ஒன்றும் இல்லை, ஆனால் பொதுவாகச் செய்வதில்லை.

ஒரு மாதம் கழித்து அதே ஊரில் பாதுகாப்பு ஒத்திகை நடத்தினோம். முடிந்ததும் மரகதம் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் தம்பி இருவரும் வாசலில் நின்றார்கள். பாவாயி அம்மாள் எனக்குத் தட்டு வைத்துவிட்டு, மருமகள் கையைப் பிடித்து என்னிடம் காட்டினார்.

"பாருங்க சாமி, நான் கடிச்ச தடம். இதப் பாக்கறப்பெல்லாம் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"சும்மா இருங்கத்த. ஊட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் இதையே காட்டிக்கிட்டு," என்று கையை உருவிக்கொண்டார் மரகதம். "இன்னும் ரெண்டு இட்லி வெய்ங்க அவருக்கு."

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். போனில் கத்துகிறவர் பயத்தில் கத்துகிறார், அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் நடந்ததைப் பார்த்தவர் வேறு யாரோ. பெரும்பாலும் அவர் பின்னால் நிற்பார், ஒருவரும் அவரிடம் போனைக் கொடுத்திருக்க மாட்டார்கள். கேட்டு வாங்கிப் பேசுங்கள். எப்படி விழுந்தார் என்று கேளுங்கள். பிறகு கத்துகிறவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். நல்லதம்பியின் கம்ப்ரசர் இல்லையென்றால் நான் அன்று தூக்கியது இரண்டு உடல்களாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது மரகதத்திடம் ஒன்று கேட்டேன். புருஷன் உள்ளே கிடக்கும்போது கயிற்றை இழுத்துவிடும் தைரியம் எப்படி வந்தது என்று.

கொஞ்சம் யோசித்தார்.

"தகிரியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நடுங்கிக்கிட்டுத்தான் கெடந்தேன். மாமன் எறங்கறேன்னு வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு. அவரும் சாஞ்சுட்டா, அவரு ஊட்டுக்காரிகிட்ட நான் என்னன்னு போயிச் சொல்றது? அத நெனச்சேன். கை தானா இழுத்துப் போடுச்சு."

முப்பது வருடமாக எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததும் இதேதான்: காப்பாற்றப் போகிறவர் அடுத்த பலியாகிவிடக் கூடாது. இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.