பதினான்கு கிண்ணங்களின் எடை

தபால் ஆபீஸ் பார்சல் கவுண்டரில் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. ஒரு கிராம் கூடினாலும் அடுத்த ஸ்டாம்புதான். கெஞ்சினாலும் ஸ்டாம்பு, அதட்டினாலும் ஸ்டாம்பு. பக்கத்து கவுண்டர்காரர் அவளுக்குத் தராசம்மா என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்தும் விட்டது. அப்படிப்பட்டவள் மூன்று மாதமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்து பொய் எடை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதுவும் சொந்த வீட்டுக்காரருக்கு.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் யார் யாருடைய கட்டடத்திலோ லிஃப்ட் குழிக்குள் கிரீஸோடு கிடப்பார். மிச்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் மரக்கிண்ணம் கடைவார். பன்னிரண்டு வருஷத்துப் பைத்தியம். முதல் கிண்ணத்தின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. மனுஷன் அசரவில்லை. “புனல்தான் செஞ்சேன்” என்று அதன் வழியாகப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் காட்டினார். ஊற்றியதில் பாதி அவள் துடைத்த தரையில். போகப் போகக் கை தேறியது. வீட்டில் கிண்ணம் வைக்க இடமில்லாமல் போனபோது, அவள்தான் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேஜை பிடித்தாள். அவருக்கு விற்க வராது. யாராவது “அழகா இருக்கே” என்றால் போதும், “வச்சுக்குங்க” என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்.

பச்சை மரத்தை ஒரே மூச்சில் கடைந்து முடிக்க முடியாது. முதலில் கட்டைவிரல் தடிமனுக்குக் கடைந்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். காயக் காய அது முறுக்கிக்கொண்டு கோணலாகும். முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி லேத்தில் மாட்டி, வட்டமாக, மெல்லிசாகக் கடைந்தெடுக்க வேண்டும். காய்ந்ததா இல்லையா என்று சொல்வது எடைதான். வாராவாரம் நிறுத்து, கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுத வேண்டும். நாலு வாரம் ஒரே எண் வந்தால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். நிறுக்கிற வேலை அவளுடையது. தராசம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு வேறு யாரிடம் கொடுப்பார்?

போன வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் காற்றுக்கு ஒரு மாமரம் விழுந்தது. அதில் கட்டை வாங்கி வந்து பதினான்கு கிண்ணங்களுக்கு முதல் கடைசல் முடித்தார். பதினைந்தாவதை மாட்டப் போனபோது கையிலிருந்த உளி நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், இடது கை வரவில்லை. பக்கவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு மாதத்தில் கால் தேறியது, கோணிய வாய் நிமிர்ந்தது. கை மட்டும் வைத்தது வைத்த இடத்தில் கிடந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று நேரே கொட்டகைக்குப் போய் அலமாரி முன்னால் நின்றார். “மரம் காயறதுக்குள்ள கை வந்துடும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவள் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் சரி. வேலைக்குப் போனாள், பார்சல் நிறுத்தாள், திரும்பி வந்து அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். சாப்பிட்டது என்ன என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். “எவ்வளவு தைரியம் உங்களுக்கு!” என்று ஆபீஸில் வியந்தார்கள். தைரியமாவது ஒன்றாவது. உள்ளே ஒன்றுமே இல்லை. பயம் இல்லை, துக்கம் இல்லை, கோபம்கூட இல்லை. ஞாயிறு காலையில் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடுப்பாள். எதிரே அவர் வலது கையால் இடது கைக்குள் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, விரல்களை மடக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“இறங்குதா?”

“இறங்குது.”

“நல்லது.”

நிஜமாகவே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஏழாம் நம்பர் கிண்ணம் ஆயிரத்து நானூறில் தொடங்கி, ஒன்பதாவது மாதம் 912க்கு வந்தது. அடுத்த வாரமும் 912. அதற்கடுத்த வாரமும். மற்றவையும் அப்படியே நின்றன. அதே மாதம் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “வந்தவரைக்கும் வந்ததும்மா. இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்க” என்றார். நாலாவது ஞாயிறும் தராசு 912 காட்டியது. அவள் 910 என்று எழுதினாள். அடுத்த வாரம் 908. பதினான்கிலும் வாரத்துக்கு இரண்டிரண்டு கிராம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. மரம் காய்ந்துவிட்டது என்று தெரிந்தால் அவர் அந்தப் பந்தைக் கீழே வைத்துவிடுவார். பிறகு எடுக்கமாட்டார். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பந்து கையில் இருப்பதுதான்.

சந்தையில் பக்கத்து மேஜை கரண்டிக்காரருடையது. மரக்கரண்டி செதுக்கி விற்பவர், வாய் மூடாதவர், தங்கமான மனுஷன். அவள் மேஜையில் கடைசியாக இருந்த இரண்டு கிண்ணமும் விற்றுப்போன அன்று கேட்டார்.

“அலமாரியில பதினாலு இருக்குன்னீங்களே அக்கா. நான் வந்து முடிச்சுத் தரேன். அண்ணன் கிண்ணமாவே விக்கட்டும்.”

“அதெல்லாம் இன்னும் காயலைப்பா.”

“ஒரு வருஷமாவா? அலமாரியில வச்சிருக்கீங்களா, ஆத்துல வச்சிருக்கீங்களா?”

அவள் மேஜைத் துணியை மடித்தாள். கரண்டிக்காரர் நல்லது செய்வதென்று முடிவு கட்டிவிட்டால் நிறுத்த ஆளில்லை. மறுநாள் காலை உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சமையலறை மேஜையில் பதினான்கு கிண்ணமும் வரிசையாக இருந்தன. வீட்டுக்காரர் எதிரே பந்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்து எடை இன்னும் எழுதியாகவில்லை.

“என்னண்ணே, மரம் அடம்பிடிக்குதாமே!” என்று கரண்டிக்காரர் கைக்கு வந்த கிண்ணத்தை எடுத்தார். ஏழாம் நம்பர். கவிழ்த்துப் படித்தார். கடைசி வரியில் 888. பழக்கதோஷத்தில் அதைத் தராசில் வைத்தார்.

தராசு 912 என்றது.

கரண்டிக்காரர் தராசைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், மறுபடி தராசில் வைத்தார். 912. அவர் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு புரிந்தது. அவளைப் பார்த்தார். அவள் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தராசு சரியில்லை” என்றார் வீட்டுக்காரர்.

இத்தனை வருஷத்தில் அவள் கைப்பட்ட தராசைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதேயில்லை. “பழசாயிடுச்சு. அப்பப்போ ஏத்திக் காட்டும். கிண்ணத்துல இன்னும் ஈரம் இருக்கு தம்பி.”

கரண்டிக்காரர் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து வரிசையில் திரும்ப வைத்தார். “ஆமாண்ணே. தொட்டாலே தெரியுது. ஈரம்தான்” என்றார். கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு, பையைத் திறக்காமலே கிளம்பினார்.

அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“வாரம் தவறாம ரெண்டு ரெண்டா குறைக்காதே” என்றார் அவர். “மரம் அப்படி இறங்காது. ஒண்ணு குறை. சில வாரம் குறைக்கவே வேண்டாம். அப்பத்தான் பாக்கறவங்க நம்புவாங்க.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மொத வாரமே. மாங்கட்டை எத்தனை மாசத்துல காயும்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் தினம் அந்தப் பந்தை…”

“நீ எழுதறியே” என்றார் அவர்.

அவளுக்கு நெஞ்சுக்குள் வலித்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, மூச்சு விட முடியாத அளவுக்கு வலித்தது. அவர் கையிலிருந்து பந்து உருண்டு மேஜைக்கடியில் போயிருந்தது. குனிந்து எடுத்து, அவர் இடது கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு ஏழாம் நம்பரைக் கவிழ்த்து, பென்சிலை எடுத்து, 887 என்று எழுதினாள்.