ஆளுக்கு முன்னால் வந்த பெட்டி

குடும்பத்தை அழைத்துப்போக முடியாத களப்பகுதிக்கு மாற்றப்படும் படைவீரரின் குடும்பம், அவர் திரும்பி வரும்வரை பழைய குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருக்கலாம். அல்லது வேறொரு ராணுவக் குடியிருப்பில் வீடு கேட்கலாம். கேட்டவருக்கு உரிய காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். விதி இவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பேன். ராணுவத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததுதான் அதிகம். தலைமை எழுத்தர். எங்கள் படைப்பிரிவில் யாருக்கு வீடு கிடைத்தாலும் அந்த விண்ணப்பம் என் கையால் எழுதியதாக இருக்கும். ஒருவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவர் எனக்கு மிகவும் வேண்டியவர். தினமும் காலையில் அவருக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பிரகாஷ் வந்தான். லாரி புக்கிங் ஆபீஸ்காரர் மகன், பட்டாளத்தில் இருக்கிறான். எல்லைக்கு மாற்றலாகியிருக்கிறது. புனேயிலிருக்கும் மனைவியையும் குழந்தையையும் நாமக்கல்லில் வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். கையோடு ஒரு தகரப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தான். புதிதாகக் கருப்படித்து, மேலே வெள்ளையில் எண், பதவி, பெயர்.

"ஏனுங்கய்யா, எழுத்தெல்லாம் மொறையா இருக்குதான்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. அப்படியே, குடும்பத்தக் கொண்டாந்து வெக்கறதுக்கு என்னென்ன தெரிஞ்சுக்கோணும்னு சொன்னீங்கன்னா நல்லாருக்குமுங்க."

எழுத்து முறையாகத்தான் இருந்தது. பெயிண்ட் காயவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவனுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துபோய், வேறொரு பெட்டி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. உங்களுக்குத்தான் அதைச் சொல்ல வேண்டும். அவனிடம் சொல்லவில்லை, எல்லைக்குப் போகிற பையன்.

கருப்புப் பெயிண்ட் வாசனைதான் எங்கள் குடும்பங்களின் சொந்த ஊர். எங்கே போனாலும் கூடவே வரும். பெட்டியை அடுக்கி மேலே விரிப்பைப் போட்டால் அது சோபா. நீளவாக்கில் வைத்தால் கட்டில். என் மகள் முதலில் எழுதப் படித்தது என் எண்ணைத்தான், பெட்டி மேல் விரலை ஓட்டி. என் மனைவி சாந்தாமணி மேட்டூர்க்காரி, அணைக் குடியிருப்பில் பிறந்து, கண்டோன்மெண்ட் குடியிருப்பில் வாழ்ந்தவள். நாமக்கல்லுக்கு வரும்வரை சர்க்கார் கட்டிய வீட்டைத் தவிர வேறு வீட்டில் அவள் குடியிருந்ததே இல்லை. அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு. புருஷன் மேலே எல்லை மலைக்குப் போய்விட்டால் இரண்டு பக்கத்து வீட்டிலும் பாலும் காய்கறியும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். யாரும் யாரையும் "அவர் எங்கே?" என்று கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பது பாடம். பெண்களுக்கும் அது பாடமாகியிருந்தது.

என்னை மலைக்கு மாற்றியபோது, குவார்ட்டர்ஸிலேயே குடும்பம் இருக்கட்டும் என்று எனக்கு நானே விண்ணப்பம் எழுதினேன். உரிய வழியாக, உரிய படிகளுடன், உரிய மொழியில். பதில் இல்லை. நினைவூட்டல் போட்டேன். அதற்கும் இல்லை. ஆனால் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் ஒருநாள்கூடத் தாமதமாகவில்லை. முதலில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பிறகு தண்ணீர். சாந்தாமணி சாமான்களைக் கட்டினாள்.

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் எனக்கு ஒரு கிணற்றுப் பங்கும் நிறைய மனஸ்தாபமும் வந்திருந்தன. இரண்டிலும் குடியிருக்க முடியாது. ஆகவே நாமக்கல். பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு பார்த்து, மனைவியையும் மகளையும் வைத்துவிட்டு நான் மேலே போய்விட்டேன்.

மலையில் சொந்தச் சாமான்களுக்கு இடம் கிடையாது. என் சட்டைகள், ஒரு கோட்டு, கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஊர்ப்பக்கம் லீவில் போகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கெங்கவல்லியிலிருந்து முருகேசன் என்று ஒரு பையன், பட்டாளத்துக்குப் புதிது. பொறுப்பானவன். ரயிலில் மரியாதை கிடைக்கும் என்று யூனிபாரத்திலேயே போனான். அவன் பொறுப்பானவனாக இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் குடும்பம் தப்பியிருக்கும்.

முருகேசன் போய்ச் சேர்ந்த பகலில் வீடு பூட்டியிருந்தது. சாந்தாமணி மகளை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தாள். (பாதி வருஷத்தில் வந்த, தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையைச் சேர்த்தால் தேர்ச்சி விகிதம் குறையும் என்று அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தார்கள்.) வெயிலில் நின்றவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். தோளில் கருப்புப் பெட்டி. எதிர் வீட்டிலிருந்து, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா வந்தார்.

"யாருங்க சாமி? அவரு பெட்டியாட்ட இருக்குது?"

"ஆமாம்மா."

"அவரு வல்லீங்களா?"

"இல்லம்மா."

"அவரு எங்கீங்க? நல்லாத்தான இருக்கறாரு?"

படைப்பிரிவு எங்கே இருக்கிறது, யார் எப்படி இருக்கிறார்கள் என்று வெளியாளிடம் ஒரு சொல் பேசக்கூடாது. பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொல்லித் தந்திருந்தோம். முருகேசன் விறைப்பாக நின்றான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"நான் எதுவும் சொல்லக்கூடாதும்மா. ஆர்டர்."

காபி கொடுத்திருக்கிறார், வேண்டாம் என்றிருக்கிறான். பெட்டியை ஒப்படைத்ததற்கு வீட்டுக்காரம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட்டும் அடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். அந்தச் சல்யூட்தான் என்னை முழுசாகக் கொன்றது.

சாந்தாமணி மகளோடு தெருவில் நுழைந்தபோது வாசலில் பெண்கள் கூட்டம். நடுவில் என் பெட்டி. ஒருத்தி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தாள். இன்னொருத்தி, "இதொண்ணும் அறியாம பூ வெச்சுட்டு வருது பாருங்க" என்று தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது. புரிந்ததும் அழவில்லை. ஒரு தலைமை எழுத்தரின் மனைவி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"தந்தி வந்துச்சா?"

"பெட்டியே வந்துருச்சு, தந்தி எதுக்குங்க அம்மிணி?"

"தந்தி வராம பெட்டி வராதுங்க. மொதல்ல தந்தி வரும். அப்புறம் ஆபீசர் வருவாரு. சாமானெல்லாம் கடைசிலதான் வரும். அதுதான் முறை."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றாள் ஒருத்தி. "பென்சனு வருமுங்களாமா?" என்று கேட்டாள் மற்றொருத்தி. எங்கள் இலாகாவுக்குப் பொருத்தமான ஆள் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து எனக்கு லைன் கிடைத்தது. தெருவிலேயே வீட்டுக்காரம்மா வீட்டில் மட்டும்தான் போன். அவரே எடுத்தார்.

"யாருங்க பேசறது?" பெயரைச் சொன்னேன். "நீங்க தானுங்களா?"

"நானேதாங்க."

"எங்கிருந்து பேசறீங்க?"

"அதச் சொல்லக்கூடாதுங்களே."

வேறு என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்? சாந்தாமணியைக் கூப்பிட்டுப் பேசவிட்டாலும், பொம்பளை மனசு ஒடிந்துவிடாமல் இருக்கப் பட்டாளத்தில் ஆள் வைத்துப் பேசவைக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது. நல்ல முடிவு. அரசாங்கத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த வேறொருவரை நான் பார்த்ததில்லை.

லீவில் வந்தேன். யூனிபாரத்தோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. காலையில் பால் நானே வாங்கினேன். சலூனில் தேவையில்லாமல் உட்கார்ந்தேன். பார்த்தார்கள், வணக்கம் சொன்னார்கள், பார்த்ததனால் எதுவும் மாறவில்லை. தெருவில் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எங்கள் கதவைத் தாண்டிப் போனார்கள். வெள்ளிக்கிழமை குங்குமத் தட்டு பக்கத்து வீடு வரை வந்து திரும்பியது. வீட்டுக்காரம்மாவிடமே கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க, நாங்க வேண்டாங்கலீங்க. ஆனா எழவு அழுத ஊடு அது. அழுதத திருப்பி வாங்க முடியுமுங்களா? நல்ல காரியத்துல அம்மிணிய முன்னால நிறுத்துனா நாலு பேரு மொகஞ் சுளிக்கறாங்க."

நான் உயிரோடு இருப்பதற்கு எந்த அதிகாரியின் சான்று தேவை என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் யாருடைய கையெழுத்து செல்லும் என்றுதான் தெரியவில்லை.

இரவு சாந்தாமணி கேட்டாள். "அந்த விண்ணப்பம் என்ன ஆச்சு? எந்தக் கண்டோன்மெண்ட்டா இருந்தாலும் சரி. ஒரு ரூம் போதும். இங்க என்னால முடியல." அடுத்த நாளே இரண்டாவது நினைவூட்டலை எழுதினேன், பதிலின் நகலை நாமக்கல் விலாசத்துக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அவள் கூடவே நடந்து வந்து தபால்பெட்டியில் தானே போட்டாள். விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள்.

நான் மலைக்குத் திரும்பிய பிறகு அவள் உண்டாகியிருப்பதாகக் கடிதம் வந்தது. தெருவுக்கு இது புதுச் சிக்கல். என்னைக் கண்ணால் பார்த்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். பார்க்காதவர்கள் அவர்களுக்கும் சேர்த்துப் பேசினார்கள். அதற்கும் அவள் முறையாகவே பதில் சொல்ல நினைத்தாள். வளைகாப்பு வைப்பது, தெரு முழுக்க அழைப்பது. ஒரு தடவை வந்து அவள் கையில் வளையல் போட்டுவிட்டார்கள் என்றால் பழையது ரத்து. ஜோசியரைக் கேட்டு நாள் குறித்தாள்: தை மாதம், மூன்றாம் வெள்ளி. வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தாள்.

"வாரோமுங்க அம்மிணி, வராம இருப்பமா" என்றார்கள் எல்லோரும். அந்த ஊர் மரியாதையில் இன்றுவரை நான் குறை காண்பதில்லை.

அவள் அண்ணன் மேட்டூரிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்தார். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று பெரிய பெரிய தூக்குகள். அண்ணிக்குக் காய்ச்சல். அண்ணனுக்குப் பவர் ஹவுஸில் ஷிப்ட். இறக்கிவைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார். பட்டுச்சேலை கட்டி, மணைப்பலகையில் உட்கார்ந்து, எதிரில் கண்ணாடி வளையல்களை நிறம் நிறமாக அடுக்கிவைத்துக்கொண்டு சாந்தாமணி காத்திருந்தாள். மகள் வாசலுக்கும் உள்ளுக்கும் போய்வந்தபடி இருந்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஆள் நிற்பது தெரிந்ததாம். நல்ல நேரம் முடிந்தது. வளையல்களை அவளே எடுத்து இரண்டு கைக்கும் போட்டுக்கொண்டாள். மகள் சந்தனம் பூசினாள். இதையெல்லாம் சாந்தாமணி பிறகு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். அந்த வீட்டை விட்டோம். மற்ற ஊர்கள், மற்ற பெட்டிகள். பென்ஷன் வாங்கியதும் இதே ஊருக்குத் திரும்பினோம். ஏன் என்று கேட்காதீர்கள். மகளை இங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு சாந்தாமணி போய்விட்டாள். எனக்கு முன்னால். சேதி கேட்டு அந்தத் தெருப் பெண்களும் வந்தார்கள். வீட்டுக்காரம்மாவைப் பேரன் காரில் கொண்டுவந்து இறக்கினான். நன்றாகத் தளர்ந்துவிட்டார். அவளுடைய நெற்றியைப் பார்த்ததும் கையைக் குவித்துக்கொண்டார்.

"மகராசி, பூவும் பொட்டுமாப் போறா. யாருக்குங்க இந்தக் குடுப்பன? அவ நெத்திக் குங்குமத்துல எனக்கும் ஒரு துளி வெச்சுடுங்க சாமி."

வரிசையாக நின்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு தட்டுக் குங்குமம் தீர்ந்து, மகள் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். நான் தடுக்கவில்லை. ஒப்படைத்ததற்குக் கையெழுத்தும் கேட்கவில்லை.

என் எதிரில் பிரகாஷ் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். பெட்டியை முன்னால் அனுப்பாதே, நீயே தூக்கிக்கொண்டு வந்து இறக்கு என்று மட்டும் சொன்னேன். "இப்பெல்லாம் யாருங்கய்யா பாக்கறாங்க, வீடியோ காலே வந்துருச்சு" என்று சிரித்தான். உண்மைதான். தந்தியை நிறுத்திவிட்டார்கள். போன் வைத்திருக்கும் ஒரே வீடு என்று எந்தத் தெருவிலும் இல்லை. அந்தத் தெருவே இல்லை. ஓட்டு வீடுகளை இடித்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள். பிரகாஷ் பார்த்துவைத்திருக்கும் அடுக்குமாடியில் எதிர்க் கதவு யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. உயிரோடிருக்கும் ஒருவனுக்காக ஓடிவந்து அழுவதற்கு அங்கே ஆளில்லை. நிஜமாகவே பெட்டி வந்தாலும் ஆளில்லை.

அவன் போன பிறகு என் பழைய பெட்டியைத் திறந்தேன். மேலேயே இருக்கிறது, பதிலின் நகல். ஒரே பத்தி. தங்கள் குடும்பம் ஏற்கெனவே குடியிருப்பைக் காலிசெய்து, தாங்கள் விரும்பிய ஊரில் நல்லபடியாகக் குடியேறிவிட்டதாகத் தெரிவதால், தங்கள் விண்ணப்பத்தின் மேல் நடவடிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

தபால்காரர் அதைக் கொண்டுவந்தபோது, வாசலில் கோலத்தையும் உள்ளே அடுக்கியிருந்த இலைகளையும் பார்த்துத் தயங்கி நின்றாராம். சாந்தாமணி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கட்டுச்சோறு நாலு வகையும் பரிமாறியிருக்கிறாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உறையைப் பிரிக்கவில்லை. பிறகு படித்துவிட்டு, எனக்காக மேல் ஓரத்தில், நான் சொல்லித் தந்திருந்த முறைப்படியே, பெறப்பட்ட நாளைக் குறித்துவைத்திருக்கிறாள்: தை, மூன்றாம் வெள்ளி.