நாலாவது விரல்

பேசாத பிள்ளையையும் பேச வைக்கத்தான் அந்த மேசையை வடிவமைத்தேன். மேற்பரப்பு முழுக்கத் தொடுதிரை. அதில் ஓர் ஆறு ஓடும். சுற்றி நிற்கும் நாலு பிள்ளைகளும் கூடிப் பேசி, பாலத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். நாலு பேரும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் தொட்டால்தான் பாலம் வரும். இனி எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க முடியாது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பல்லேபொல பக்கம், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலைக்கு அதைக் கொண்டுபோனோம். கல்வி அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால்தான் மற்றப் பாடசாலைகளுக்கும் மேசை கிடைக்கும். மனிதர் வந்ததிலிருந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று விரல்கள் உடனே ஓரிடத்தில் இறங்கின. நாலாவது சிறுமி, வகுப்பில் வாயே திறக்காதவள் என்று டீச்சர் சொன்னவள், கையைக் கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி ஆறு வளையும் இடத்தையே பார்த்தபடி நின்றாள். "ஏன், இங்க வேணாமா?" என்று யாராவது அவளைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை மாதம் மண்டையை உடைத்தேன். அந்த மூவரில் ஒருத்தியான வகுப்புத் தலைவி கேட்கவில்லை. சிறுமியின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து அழுத்தினாள். பாலம் வந்தது. 'நால்வரும் சம்மதம்' என்று மேசை பச்சையில் எழுதியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கைய விடும்மா, அவளே தொடட்டும்" என்றேன்.

"அவளுக்கு வராதுங்க மிஸ். நான்தான் பழக்கிக் குடுக்குறேன்" என்றாள் தலைவி.

டீச்சருக்கோ ஒரே பூரிப்பு. "விஜயதசமிக்குக் கோயில்ல அரிசியில கைபுடிச்சி எழுத வைப்போமில்ல மிஸ், அந்தப் பழக்கந்தான். எங்க புள்ளைங்க யாரையும் விட்டுட்டுப் போக மாட்டாங்க."

தலைவியை மேசையின் அந்தப் பக்கம் நிறுத்தி, விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினேன். சிறுமியிடம் குனிந்து, "ஒனக்கு எங்க தோணுதோ அங்க வைம்மா" என்றேன். அவள் மறுபடி அந்த வளைவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மற்ற மூவரும் பழைய இடத்திலேயே விரலை வைத்துக் காத்திருந்தார்கள். அதிகாரி வாகனச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

சிறுமி தன் விரலை என் பக்கம் நீட்டினாள், பிடித்துக்கொள்ளச் சொல்லி.

பிடித்தேன். மூன்று பேரும் தொட்டிருந்த இடத்துக்கே கொண்டுபோய் அழுத்தினேன். அவள் ஏன் அந்த வளைவைப் பார்த்தாள் என்று நானும் கேட்கவில்லை.