பெரட்டு நேரத்தில் திறந்த கடை

பிள்ளைகளே, இப்போது நீங்கள் இருட்டிய பிறகு, "அப்பா, சந்திக்குப் போய் கொத்து ரொட்டி வாங்கிட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். ஒரு காலத்தில் இருட்டிய பிறகு வாசலில் ஆள் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தவன் உங்கள் அப்பா. அதுவும் எங்கே? பல்கலைக்கழகத்துச் சந்தியில், சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்துக்கொண்டு! எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. உங்களில் மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நாங்கள் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா உங்கள் அம்மாவின் பேரில்தான் இருந்தது. அவள் கொழுந்து பறித்தாள். நான் பலாங்கொடையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் மூட்டை தூக்கினேன். அந்த நானா பல்கலைக்கழகத்துச் சந்தியில் இரண்டு அறைக் கட்டடம் ஒன்றைக் கட்டினார். ஒன்றில் அவரே டெலிபோனும் போட்டோகொப்பி மெஷினும் வைத்துக்கொண்டார். மற்றதைக் காட்டி, "தம்பி, நீயும் பொண்டாட்டியும் வந்து தேத்தண்ணிக் கடை போடுங்க. வாடகைய பொறகு பாப்பம்" என்றார்.

அம்மா கொஞ்ச நாள் வேலைக்கு வராமலிருக்கத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "பொங்கலுக்குள்ள திரும்பி வேலைக்கு வந்துறணும் பிள்ளை. இல்லன்னா பேர வெட்டிருவோம். காம்பராவையும் வேற ஆளுக்குக் குடுத்துருவோம்." பேர் போனால் வேலை போச்சு, வேலை போனால் வீடும் போச்சு. கடை ஓடவில்லையென்றால் திரும்பிப் போக அந்தக் காம்பராவை விட்டால் எங்களுக்கு வேறு இடமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடையை எப்படி நடத்தினோம் தெரியுமா? தோட்டத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து, பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு மலைக்கு ஏறிய உடம்பு அல்லவா எங்களுடையது. அதே நேரத்துக்குக் கடையைத் திறந்தோம். ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, கேத்தலில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் காத்திருந்தோம். வெளியே பனி, நாய், நாங்கள். ஒரு மனிதன் வரவில்லை. படிக்கிற பிள்ளைகள் பொழுது விடிந்து வெகுநேரம் வரை தூங்குவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி வகுப்புக்கு ஓடினார்கள். பகலில் உள்ளே இருந்த கேன்டீனில் சாப்பிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் நாங்கள் வாசல் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கடையைச் சாத்தினோம்.

சாத்திய முதல் இரவே அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் கைதட்டல், வாளியில் தாளம், சிங்களத்தில் பாட்டு. பத்துப் பேரா, நூறு பேரா தெரியாது. எங்களை நோக்கித்தான் வந்தது. நான் விளக்கை ஊதினேன். அம்மா பிள்ளையின் வாயில் மார்பைக் கொடுத்தாள். இருட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தோம்.

நான் சிறுவனாக இருந்தபோது, இனக்கலவரம் நடந்த ஒரு இரவில் எங்கள் லயத்துக்கு ஆட்கள் கூட்டமாக வந்ததும், நாங்கள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இருட்டில் கூட்டச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்களின் கை தானாக விளக்குக்குப் போகும். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

விடிந்ததும் நானா வந்தார். "என்ன தம்பி, ராத்திரி லைட்ட அணைச்சிட்டு எங்க போனீங்க? பொடியன்மார் வந்து தட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

"சத்தமா இருந்துச்சு நானா."

"சத்தமா இருந்தாத்தான் வியாபாரம்! அவங்க பசியில பாடுறாங்கப்பா, சண்டைக்கா வாராங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, "மெதுவாத் தொறங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்திக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. பொழுது சாய்ந்தால் கை பலகையைத் தேடியது. ஆனால் கண் சும்மா இருக்குமா? பலகைகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. அம்மாவும் நானும் அதற்குச் சண்டை போட்டோம். "தள்ளுங்க, நீங்க மட்டுமே பாத்தா எப்புடி?" என்று என் விலாவில் குத்துவாள்.

ஐயோ, என்ன காட்சி அது! தோட்டத்தில் திருவிழாவுக்குத்தான் அவ்வளவு வெளிச்சம் பார்த்திருக்கிறோம். இங்கே தினமும் திருவிழா! எதிர்க் கடையில் கொத்துக்காரன் இரண்டு தகட்டாலும் கல்லில் தாளம் போடுவான், அந்தத் தாளத்துக்குப் பொடியன்கள் இடுப்பை ஆட்டுவார்கள். நானாவின் டெலிபோன் கூண்டுக்கு முன்னால் பெண் பிள்ளைகளின் வரிசை. உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டே போகிறவள் வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள், வீட்டிலிருக்கிற தன் தாயின் குரலைக் கேட்டிருப்பாள் போல. போட்டோகொப்பி மெஷினின் பச்சை வெளிச்சம் கூரை வரை அடித்து அடித்து அணையும். சலூனில் ஒருவன் பாதி மீசையோடு ஓடிவந்து கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுவிட்டுத் திரும்ப ஓடுவான். மலையிலிருந்து இறங்குகிற காற்று எல்லோருடைய சட்டையையும் பலூனாக ஊதும். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத் தூக்கமே வராது. ஆனாலும் பலகையை எடுக்கத் தைரியம் வரவில்லை.

இப்படியே பொங்கல் நெருங்கிவிட்டது. ஒரு நாள் மாலை உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், கயிறும் சாக்குமாக வந்து இறங்கினார்.

"கெளம்புங்க மச்சான். நாளைக்கு மொத பஸ்ஸு. பேர வெட்டுறதுக்கு முந்தி தங்கச்சியக் கொண்டுபோய் பெரட்டுல நிறுத்தணும்."

அம்மா பானைகளைச் சாக்கில் போட்டாள். மாமா கேத்தலையும் கோப்பைகளையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். அந்த நேரம் பார்த்து அந்தச் சத்தம். கைதட்டல், வாளித் தாளம், பாட்டு. அன்று பரீட்சை முடிந்த நாளாம், வழக்கத்தைவிட மும்மடங்கு. மாமா பாய்ந்து விளக்கை அணைத்தார். எங்கள் பலகையில் யாரோ தட்டினார்கள்.

"அய்யே, கடே வஹலாத?" கடை பூட்டிவிட்டதா என்று கேட்கிறான்.

மாமா என் கையைப் பிடித்தார். "பேசாதீங்க மச்சான்."

"ப்ளேன்டி எகக்வத் நெத்த?" ஒரு வெறுந்தேத்தண்ணியாவது இல்லையா என்று அழாத குறையாகக் கேட்டான்.

இருட்டில் அம்மா எழுந்தது தெரிந்தது. "தங்கச்சி!" என்றார் மாமா. அவள் கேட்கவில்லை. ஒரு பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்தினாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. வாசலில் காற்றில் நடுங்கிக்கொண்டு, ஒட்டடைக் கம்பு மாதிரி ஒரு பொடியன். அவனுக்குப் பின்னால் சந்தி முழுவதும் தலைகள்.

"தியனவா, தியனவா. எண்ட!" என்றாள் அம்மா. இருக்கிறது, வாங்க என்று!

"எங்க இருக்கு?" என்று அலறினேன் நான். "கேத்தலு மூட்டைக்குள்ளதானே இருக்கு!"

"அப்ப அவுக்குறது! அண்ணே, அவுங்க!"

மாமா போட்ட முடிச்சு தோட்டத்து முடிச்சு, லேசில் அவிழுமா? பல்லால் கடித்தார். வாசலில் நின்றவன் உள்ளே வந்து தன் பங்குக்கு இழுத்தான். மற்றவர்கள் அதற்கும் தாளம் போட்டார்கள். முடிச்சு அவிழ்ந்தபோது எழுந்த கைதட்டலில் பிள்ளை விழித்து, அழாமல், அவளும் கைதட்டினாள். மூத்தவளே, அது நீதான்.

அம்மா தேத்தண்ணி ஆற்றினாள். நான் ரொட்டியைத் தட்டித் தட்டிக் கல்லில் போட்டேன். எங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிசைந்த மாவு கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. மாமா சும்மா நின்றார். "அண்ணே, வேடிக்க பாக்காம கோப்பையக் கழுவுங்க" என்று அம்மா ஒரு அதட்டல் போட்டாள். கழுவினார். பிறகு மேசை துடைத்தார். பிறகு பார்த்தால், அந்த ஒட்டடைக் கம்போடு சிங்களத்தில் ஏதோ பகிடி பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்!

கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தபோது, ஈரக் கையோடு எங்களிடம் வந்தார்.

"தங்கச்சி, அப்ப கணக்கப்பிள்ளகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"பலகையத் தூக்குனது நீ. பேரும் ஒன் பேரு. நீயே சொல்லு" என்றேன்.

அவள் பிறந்தது அந்தக் காம்பராவில். உங்களில் மூத்தவள் பிறந்ததும் அங்கேதான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அது வியர்வையா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

"வெட்டிக்கச் சொல்லுங்கண்ணே. காம்பராவ வேற யாருக்காச்சும் குடுக்கட்டும். பிள்ள குட்டியோட இருக்கிறவங்களாப் பாத்துக் குடுக்கச் சொல்லுங்க."

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வெளியிலிருந்து ஒரு குரல், இன்னும் நாலு ப்ளேன்டி கேட்டுக் கத்தியது.

"எனவா, எனவா!" என்று எங்களுக்கு முந்திக்கொண்டு கத்தினார் உங்கள் மாமா. இதோ வருகிறதாம்.