பட்டி அடித்த பியானோ

சென்ற வாரம் பங்சாரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். பாச்சை உருண்டை, எலி மூத்திரம், மலிவுப் பெயின்ட் மூன்றும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. "ஆன்லைன்ல வாங்குனோம் அங்கிள், புதுசு மாதிரியே இருக்குல்ல?" என்றார் வீட்டுக்காரர். நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். பியானோவுக்குச் சுருதி கூட்டுவது என் தொழில். எல்லோரும் என் காதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். இதில் அதிகம் அடிபடுவது மூக்கு. மீன் வாங்குவதுபோல் முதலில் முகர்ந்து பார்த்துவிடுவேன். "டாக்டர்கூட நோயாளியப் பாத்து இப்படி மூஞ்சி சுளிக்கமாட்டாரு" என்பாள் என் மனைவி.

மட்டமான பியானோ என்றதும் நீங்கள் பழைய பியானோவை நினைத்துக்கொள்ளக் கூடாது. பழசு பாவம், அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். நான் சொல்வது, கரையான் தின்ற உடம்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, நெற்றியில் தங்க எழுத்தில் ஏதோ ஓர் ஐரோப்பியப் பெயரை ஒட்டி விற்பதை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அவை கன்டெய்னர்களில் போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கம்பியை முறுக்கினால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஆணி கையோடு வழுக்கித் திரும்பும். தொட்ட கையைக் கழுவினால்தான் சோறு இறங்கும்.

அந்தச் சமயத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். பழைய பியானோ உழைத்து ஓய்ந்துவிட, போர்ட் கிள்ளான் வியாபாரி ஒருவரிடம் வேறொன்று வாங்கியிருந்தார். அந்த வியாபாரியை எல்லோரும் பாஸ் என்றுதான் சொல்வோம். பியானோ பார்வைக்குக் கண்ணாடிபோல் பளபளத்தது. மேல்மூடியைத் திறந்து முகர்ந்தேன், எலி மூத்திர வாடை.

"தம்பி, நீர் ஒளிக்காமல் சொல்லும். இது தேறுமோ?"

"மிஸ், இது பியானோ இல்ல. அலமாரி."

அவர் முகம் இறுகியது. அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. "ஏலுமானதைச் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூக்கால் மூச்சு விடாமல் வேலையைத் தொடங்கினேன். நாலைந்து கம்பிகளை லேசாக ஏற்றியிருப்பேன், உள்ளே லோரி டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் குறுக்கே விரிந்து நின்றது. விரிசலிலிருந்து பெரிய வில்லை ஒன்று கழன்று கீழே விழுந்தது. இரும்பில்லை. பழைய விரிசலை அடைத்து மேலே தங்கப் பெயின்ட் பூசிய பட்டி, நாம் சுவருக்கு அடிப்போமே, அதே பட்டி.

மிஸ் அதைக் குனிந்து எடுத்துத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார். போனில் பாஸ், "அந்தப் பையன்தான் முறுக்கி ஒடச்சிருக்கான் லா" என்றார். அவ்வளவுதான், மறுநாள் காலை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போர்ட் கிள்ளானுக்கு விட்டார் மிஸ்.

பாஸின் ஸ்டோர் வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டித் துண்டு மடியில் இருந்தது.

"இவர் நேற்று உடைச்சதெண்டால், இதுக்குள்ள பட்டி எப்ப வந்தது?"

பாஸ் சிரித்துப் பார்த்தார். வேறு பியானோ மாற்றித் தருவதாகச் சொன்னார். மிஸ் அசையவில்லை. வாங்க வருகிறவர்களிடம் பட்டித் துண்டை நீட்டினார்; அவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மத்தியானத்துக்குள் பாஸின் சிரிப்பு ஓய்ந்தது.

"என்னதான் வேணும் ஆன்டி?"

"என்ர கண்ணுக்கு முன்னால அதை உடையும். நாளைக்கு இன்னொரு பிள்ளைட வீட்டுக்கு அது போகக் கூடாது."

மறுநாள் லோரியில் பியானோ பாஸின் ஸ்டோருக்குத் திரும்பி வந்தது. மிஸ் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். கம்பிகளை நான் தளர்த்திவிட, இரண்டு ஆட்கள் சம்மட்டியால் பிளந்தார்கள். கட்டைகளுக்கு அடியில் காய்ந்த எலிப் புழுக்கை கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. ஒரு கூடு, அதில் மயிர் முளைக்காமலே செத்து உலர்ந்த குஞ்சுகள். சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி தின்று தூளாக்கியிருந்தது. ஆட்களில் ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வெள்ளைச் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, கடைசிப் பலகை பிளக்கும்வரை மிஸ் நின்றார். அதில் எத்தனை பிள்ளைகளின் விரல்கள் பட்டிருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசியது.

பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்கு ஒரு சர்ச்சின் பியானோவில் பழகிப் போனார்கள். பிறகு மிஸ் மெல்போர்னில் மகளோடு குடியேறி அங்கேயே காலமானார். பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு இருந்த இடத்தில் இன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம். பாஸின் ஸ்டோரும் இல்லை. இப்போது இந்தப் பியானோச் சவங்களை விற்கிறவர்களுக்கு வாசலே கிடையாது. ஒரு படம், ஒரு போன் நம்பர், சாமான் கைமாறியதும் அதுவும் அணைந்துவிடும். கோபத்தோடு கிளம்புகிறவர் எங்கே போய் நாற்காலி போடுவார்?